இருபது அடிக்கு ஒருமுறை

பிற்பகல் வெயில் மரங்களின் ஊடே சலித்துக் கொட்டியதுபோல் காட்டுப்பாதையில் கிடக்கிறது. வலப்பக்கம் நீர்த்தேக்கம். தண்ணீர் இறங்கிப்போனதில், பழைய வாளியில் படிந்த உப்புக்கறை மாதிரி கரையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. பேருந்து ஓட்டும் தம்பி முன்னால் நடக்கிறான். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த அக்காவை வம்படியாக இழுத்து வந்தவன் அவன்தான். அவளோ இருபது அடி நடக்கிறாள், நிற்கிறாள். மறுபடி இருபது அடி, மறுபடி நிற்கிறாள். இடது முழங்கை மட்டும் மடங்கி, உடம்பைவிட்டுச் சற்றே விலகியிருக்கிறது. காய்ந்த இலை ஒன்று அந்த மடிப்பில் விழுந்து தங்குகிறது.

"இப்படி நின்னு நின்னு வந்தா, சுத்தி முடிக்க அடுத்த வருஷம் ஆயிடும்க்கா."

"நீ போடா. உன் பஸ்ஸா இது, நேரத்துக்குப் போய்ச் சேர?"

அவன் சிரிக்கிறான். அவளுக்கும் சிரிப்பு வருகிறது; உதடுவரை ஏறி வர அதற்குத் தெம்பில்லை. நெஞ்சு பலவீனமான அம்மாவைப் பதினோரு மாதம், காலையும் மாலையும், கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனவள் அவள். அம்மா போய் நாற்பது நாளாகிறது. எவ்வளவு தூங்கி எழுந்தாலும் அசதி மட்டும் படுத்த இடத்திலேயே காத்திருக்கிறது.

மறுபடி நிற்கிறாள். தம்பி திரும்பி வருகிறான்.

"மூச்சு வாங்குதாக்கா?"

"எனக்கு இல்லடா" என்கிறாள்.

சொன்ன பிறகுதான் இடப்பக்கம் பார்க்கிறாள். பாதையின் மேல் இலை நிழல் அசைகிறது. மடக்கிய கையை அவள் இறக்கவில்லை. தம்பி வந்து, அவளுடைய வலப்பக்கமாக நின்றுகொள்கிறான்.