ஒரு ஊசி போதும்

முதல் வெட்டிலேயே கருப்பனின் இடது கண் போய்விட்டது.

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பின்னால், சவுக்குத்தோப்பில் கூட்டம் "போடு, போடு" என்று கத்தியது. துரையின் சேவலான கருப்பன் திருப்பிப் போடவில்லை. காலில் கத்தி கட்டியிருப்பதே தெரியாத மாதிரி மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது.

துரை என் அத்தை மகன். கருப்பன் ஜெயித்தால், பொத்தேரியில் நான் செய்யும் கோழி ஹார்மோன் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு, தை பிறந்ததும் அவனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். தோற்றால் அவன் என் பேச்சையே எடுக்கக் கூடாது. என்னைப் பெற்ற நைனாவும் அவனும் குடித்துவிட்டுப் போட்ட பந்தயம். என்னை ஒருவரும் கேட்கவில்லை, பாழாய்ப்போனவர்கள்.

அதோடு விட்டானா? "உங்க லேபுல சேவலுக்குப் போட்ற ஊசி கீதாமே, எட்தாந்து குடு. இல்லாங்காட்டி கை ஒடஞ்சிரும்" என்று என் மணிக்கட்டை முறுக்கினான்.

ஒரு பெட்டி நிறைய எடுத்து வந்து கொடுத்தேன்.

சேவலுக்கு வீரியம் ஏற்றும் ஹார்மோனை மூளை விட்டு விட்டுத்தான் அனுப்பும். அதை வாங்கிக்கொள்ளும் ரிசப்டருக்கு நடுவில் ஓய்வு வேண்டும். லேபில் அதைப் போலவே செய்த பெப்டைடு மருந்துதான் அந்த ஊசி; அதே வேலையைப் பல மடங்கு வேகத்தில் செய்யும். ஒரு ஊசிக்குச் சேவல் வெறிபிடித்து ஆடும். தினமும் போட்டால் ரிசப்டர் மரத்துப்போகும், சேவல் அடங்கிவிடும்.

முதல் ஊசி போட்ட மறுநாள், கருப்பன் பக்கத்து வீட்டுச் சேவலின் குடலை உருவிப் போட்டது. துரைக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று என்னையும் இழுத்துவந்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தான்.

எதிர்ச்சேவல் கருப்பனின் மார்பைக் கிழித்தது. மறுபடியும் கிழித்தது. அது ஒரு பாவமும் அறியாத ஜீவன். அடுத்த வெட்டில் கழுத்து தொங்கிவிட்டது.

துரை செத்த சேவலின் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். அதைக்கொண்டே என் முகத்தில் அடித்தான். வாயெல்லாம் ரத்தம், இறகு.

"இன்னாத்தடி குடுத்த?"

"ஒரு ஊசி போதும், தெனம் போடாதன்னு நைனா எதுர்ல சொன்னனா இல்லியா?"

பக்கத்தில் நின்ற நைனா ஆமென்று தலையாட்டினார்.

சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன்.

நான் வேண்டாமென்று சொன்ன எதையும் துரை செய்யாமல் விட்டதே இல்லை. அந்த ஒரு நம்பிக்கையில்தான் சொன்னேன்.