ஆறாவது தண்டு

காலையிலிருந்து டர்னர் லேத்தில் கடைந்த ஐந்து இரும்புத் தண்டுகளையும் தர ஆய்வாளர் கழித்துக் கட்டியிருந்தார். ஆறாவதும் கழிந்தால் லேத்தை விட்டுவிட்டுப் பேக்கிங்குக்குப் போ என்று மேலாளர் எச்சரித்துவிட்டுப் போனார்.

ஆய்வாளர் டீ குடித்துவிட்டு மேலாளரோடு வந்ததும், டர்னர் தண்டைத் துடைத்து நீட்டினார்.

ஆய்வாளர் மைக்ரோமீட்டரை ஒப்புக்கு வைத்து எடுத்தார். "அளவு குறையுது. நான் தப்பா பாஸ் பண்ணினது தங்கச்சிக்குப் பார்த்த உன்னை ஒருத்தனைத்தான் மாப்ள. இனி நடக்காது."

"இன்னொரு தடவை பாருங்க மச்சான்."

"நூறு தடவை பார்த்தாலும் குப்பைதான்." சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார்.

மேலாளர் தண்டை வாங்கித் திருப்பினார். "இதுல ஏதோ முத்திரை இருக்கே?"

"இருக்கும் சார். எல்லாரும் இதைப் பார்த்துத்தான் கடையணும்னு மச்சான் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாரே, அந்தத் தண்டு. அது கிடக்கட்டும், பேக்கிங்குக்கு யார் சார் போகணும்?"