புல்லுக்குக் காவல்

“சாணி வச்சுல்ல நட்டிருக்கான், எச்சக்கலை!”

கருத்தப்பாண்டி காறித் துப்பினார். காலடியில் காய்ந்த சாணி ஒன்று கிடந்தது. அதன் நடுவில் நாற்றங்கால் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு சீமைக்கருவேலங் கன்றுகள். ஒன்றைப் பிடித்து இழுத்தால் நாலைந்து சேர்ந்து வந்தன.

கஞ்சிச் சட்டியோடு வந்த மனைவி சந்தனம்மாள் எட்டிப் பார்த்தாள். “மழைக்குத் தானா மொளச்சிருக்கும். இதுக்குப் போயி இந்தக் குதி குதிக்கிறீக.”

“தானா மொளைக்க நெத்து வேணுமே! இந்தப் புல்லுக்குள்ள மரம் எங்கடி இருக்கு? நெத்து எங்கிட்டு இருந்து வரும்? அங்க பாரு, ஓடைப்பக்கம் பூராவும் இதே மாதிரி சாணி வச்சு, சாணி வச்சு நட்டிருக்கான்.”

தீபாவளி மழை ஓய்ந்து ஊர்ப் புல்வெளி முழங்கால் உயரத்துக்கு நின்றது. திருச்சுழிச் சுற்றுவட்டத்தில் இப்படி ஒரு மேய்ச்சல் தரை அந்த ஊருக்கு மட்டும்தான் மிச்சம். மற்ற ஊர்க்காரர்கள் சீமைக்கருவேலத்துக்குப் புல்லைப் பறிகொடுத்துவிட்டு, மாடுகளைக் காரியாபட்டிச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஆடி பிறந்ததும் புல்லை அடைத்துவிடுவது ஊர் வழக்கம். மாட்டுப் பொங்கலன்று பூசை போட்டுத் திறக்கிறவரை எந்த மாடும் உள்ளே இறங்கக் கூடாது. அதற்குக் கருத்தப்பாண்டிதான் காவல். காவல் கூலியாக அவருடைய செவலைப் பசு மட்டும் உள்ளே மேய்ந்துகொள்ளலாம்.

அந்த மரத்தைக் கண்டாலே அவருக்குக் குமட்டும். நிழல் கிடையாது, அடியில் ஒரு புல் முளைக்காது, முள் ஏறினால் கால் பொதுபொதுவென்று வீங்கிப்போகும். “இதெல்லாம் ஒரு மரமா? கருமம்!” என்பார். வேலிக்கு ஆகும் என்று எந்தப் புண்ணியவானோ கொண்டுவந்து போட்ட விதை, இப்போது ஊருக்கே வேலி கட்டிக்கொண்டு வந்தது.

அதனால்தான் திருச்சுழி ரோட்டோரம் மஞ்சளாக முற்றி உதிர்ந்து கிடக்கும் கருவேலங்காய் நெத்தை அவர் விட்டுவைப்பதே இல்லை. தினமும் சாக்கில் வாரிக் கட்டிக்கொண்டு வந்து செவலைக்குப் போட்டுவிடுவார். அது இனிப்புக்கு ஆசைப்பட்டு ஒன்று விடாமல் மென்று தீர்க்கும்.

“ஒரு நெத்து மண்ணுல விழக் கூடாது. தின்னு ஒழிக்கட்டும்” என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார். பாலும் கூடித்தான் இருந்தது.

இவ்வளவு பாடுபட்டும் தன் காவலிலேயே இப்படி ஒரு அசிங்கம் என்றால்? கருத்தப்பாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“அந்தக் கரிக்காரன் வேலைதான் இது” என்று பல்லைக் கடித்தார்.

கரிக்காரர் என்றால் தனுஷ்கோடி, அருப்புக்கோட்டை வியாபாரி. ஊர் ஊராகப் போய்ச் சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, லோடு லோடாகக் கரி அனுப்புகிறவர். “மரம் வளந்தா ஊருக்கும் காசு, எனக்கும் காசு. இந்தப் புல்லக் கட்டிக்கிட்டு ஏன் அண்ணாச்சி அழுறீக?” என்று போன மாதம்தான் வெற்றிலை எச்சில் வழிய வழியக் கேட்டிருந்தார். அந்த வாயை நினைத்துக் கருத்தப்பாண்டி இன்னொரு தடவை காறித் துப்பினார்.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. தனுஷ்கோடிக்கும் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்கள். ஊர்த் தலைவர் கோட்டைச்சாமியின் முன்னால் கருத்தப்பாண்டி ஒரு கூடையைக் கவிழ்த்தார். சாணிக்கட்டிகளும் கன்றுகளுமாக உருண்டன.

“மொதல்ல தண்டனையப் பேசி முடிங்க, பெறகு ஆளச் சொல்றேன். புல்லக் கெடுத்தவனுக்கு மாடு இருந்தா, அது இனி இந்தப் புல்லுல வாய் வைக்கக் கூடாது. மாடு இல்லாதவன்னா, இந்த ஊரு எல்லைய மிதிக்கக் கூடாது. சரிதானா?”

“சரிதான்! சரிதான்!” என்றது கூட்டம்.

கருத்தப்பாண்டி தனுஷ்கோடியின் மூஞ்சிக்கு நேரே விரலை நீட்டினார். “கேட்டுக்கிட்டீரா? மாடு திங்கிற புல்லுல முள்ள வெதச்சுப்புட்டு, வெள்ளையும் சொள்ளையுமா வந்து நிக்கிறீரே, வெக்கமா இல்ல? தூ!”

தனுஷ்கோடி ஓரடி பின்வாங்கினார். “ஆத்தா சத்தியமா நான் உள்ள காலே வைக்கல அண்ணாச்சி! நடணும்னா வெதைய வீசிட்டுப் போறேன். சாணியச் சொமந்துக்கிட்டு நான் எதுக்கு அலையணும்?”

“எருவுக்குத்தான்! மதமதன்னு வளரணும்ல?”

“ஆளப் பாரு, என்னா களவாணித்தனம்!” என்று கூட்டத்தில் நாலு பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

கோட்டைச்சாமி கையமர்த்தினார். ஒரு சாணிக்கட்டியை எடுத்து இரண்டாகப் பிட்டார். உள்ளே நெத்துச் சக்கை தெரிந்தது. சக்கைக்கு நடுவே கொட்டைகள் முழுசு முழுசாக இருந்தன. சிலது வெள்ளையாக வேர் விட்டிருந்தது.

“இது யாரும் நட்டது இல்லப்பா” என்றார். “நெத்தத் தின்ன மாடு போட்ட சாணி. கொட்டை செரிக்காம அப்படியே வந்து மொளச்சிருக்கு.”

எழுந்தவர்கள் ஒவ்வொருவராகக் கருத்தப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். நீட்டிய விரலை மடக்கக்கூடத் தோன்றாமல் அவர் நின்றார்.

பெண்கள் பக்கமிருந்து சந்தனம்மாள்தான் அழுகையோடு கேட்டாள்.

“அப்ப, நம்ம செவலைக்கு இனிமே புல்லு கிடையாதா?”