பொதுக் கோடு

“கோட்டை மூணடி தள்ளும்மா.”

“தள்ளாத பிரபா. எல்லைக்கல்லு இருக்கிற எடத்துலயே வுடு.”

“அவங்க கெடக்குறாங்க, நீ தள்ளு.”

கணினியில் மனை வரைபடம் திருத்தும் பிரபா மவுஸைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பீங்கான் பட்டறை குருமூர்த்தியும் அவருடைய பக்கத்து வீட்டுத் தாஜ் நிஷாவும் அலுவலகத்துக்குள் வந்ததிலிருந்து இதே சண்டைதான். புருஷன் துபாயில் இருக்கிற பெண்ணிடம் போய் மூன்றடிக்கு மல்லுக்கட்டுகிறாரே மனுஷன் என்று பிரபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், ரெண்டு மனைக்கும் இது ஒரே கோடு. ஒண்ணு கூடுனா இன்னொண்ணு கொறையும்.”

“கொறையட்டும். இந்தப் பக்கமா இழு.” திரையில் விரலை வைத்தே காட்டினார் குருமூர்த்தி.

பிரபா இழுத்துப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

“சார், கொறையறது உங்க மனை.”

“தெரியும்மா. அவங்க அடுப்பங்கரை மூணடி என் மனைக்குள்ள நிக்குது. கோடு கல்லுலயே நின்னா சுவத்தை இடிக்கணும்.”

“இடிச்சுக்கறேன்,” என்றாள் தாஜ் நிஷா. “துபாயிலேருந்து அவரு வந்து, ‘யாரு மண்ணுல நின்னு எனக்குச் சோறாக்குறே?’ன்னு கேட்டா, நான் என்னண்ணே சொல்றது?”