பதினோரு நாள்

"மொகம் வீங்குச்சு, கை நடுங்குச்சு, லேசா மீசை கூட மொளச்சுச்சு. மீசையையும் எழுதிக்கிறீங்களா?"

பாண்டிமீனா இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாத்திரைகளின் பக்கவிளைவு என்ற இடத்தில் 'முடி வளர்ச்சி' என்று எழுதிக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மாமியார் சோலையம்மாள் குறுக்கே வந்தார். "தண்ணி குடிக்கச் சொன்னா எம்புட்டு சண்ட போடுறான்னும் எழுதுங்கம்மா."

"அத்த, உங்களக் கேக்கல. சும்மா இருங்க."

பத்து வருடத்துக்கு முன்பு எங்கள் மருத்துவமனையில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களை ஒவ்வொருவராக மதுரைக்கு வரவழைத்துக்கொண்டிருந்தோம். மாற்றிய சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, நடுவில் என்ன சிக்கல் வந்தது, எதனால் வந்தது என்று ஓர் ஆய்வு. கேள்வி கேட்டு எழுதுவது என் வேலை. சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பாண்டிமீனாவுக்கு முப்பத்து நான்கு வயது. வாடிப்பட்டியில் இ-சேவை மையம் நடத்துகிறாள். மாமியாரை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சிறுநீரகம் கொடுத்தவர் அந்த மாமியார்தான்.

ரத்த உறவு இல்லை என்பதால் அப்போது அனுமதிக் குழுவினர் சோலையம்மாளைத் தனியாக உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா? மருமகளுக்கு நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

"ரெண்டு வருசமா இவளுக்காக உப்பில்லாமச் சமைச்சு எனக்கு நாக்கு செத்துப்போச்சுய்யான்னு சொன்னேன். சிரிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாக" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிரியாட்டினின் 1.3. பத்து வயதான சிறுநீரகத்துக்கு அது அருமையான அளவு.

நான் சொன்னதும் சோலையம்மாள் மருமகளின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வலித்திருக்கும். பாண்டிமீனா சிரித்தாள்.

பழைய முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் சீராக இருந்தன, மூன்றாம் வருடத்தைத் தவிர. அப்போது மட்டும் 4.1. உடம்பு சிறுநீரகத்தை ஏற்க மறுத்திருக்கிறது. பல நாள் வார்டில் கிடந்து ஊசி போட்டு மீண்டிருக்கிறாள்.

காரணம் என்ற இடம் காலியாக இருந்தது.

எங்கள் ஆய்வுக்கு அதுதான் முக்கியம்.

"அந்தச் சமயத்துல மாத்திரை ஏதும் விட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பதினோரு நாள் சாப்பிடல" என்றாள் பாண்டிமீனா.

"மறந்துட்டான்னு எழுதிக்கங்கம்மா" என்றார் மாமியார் அவசரமாக.

"மறக்கல. வேணும்னேதான் நிறுத்துனேன்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

சோலையம்மாள்தான் பேசினார். "அப்ப ஆனையூர்ல இவ அண்ணன் வீட்டுல இருந்தா. பன்னெண்டாம் நாளு போய்ப் பாக்குறேன், ஆளே ஊதிப்போய்ச் சொவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கா. வந்த கோவத்துல கன்னத்துல ஒண்ணு விட்டேன். அப்புறம் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு நேரா இங்கதான் வந்தேன். வழியெல்லாம் அழுதது நானு. இவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே."

வார்டிலிருந்து மருமகளைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போயிருக்கிறார். அன்று முதல் காலை எட்டு, இரவு எட்டு, மாத்திரை இவர் கையால்தான். வெளியூர் போனாலும் விடுவதில்லை. வீடியோ காலில் பாண்டிமீனா மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும்.

"கடையில ஆளுக நிக்கிறப்ப நாக்க நீட்டச் சொல்லுவாக" என்று அலுத்துக்கொண்டாள்.

ஏன் நிறுத்தினாள் என்று இருவருமே சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. 'மன வருத்தம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் படிவத்தை மூடினேன்.

புறப்படும்போது சோலையம்மாள் பையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. "ஆவணியில கல்யாணம். அழகர்கோவில்ல வச்சு."

"அப்படியா! இன்னொரு மகனுக்கா?"

"மகன் ஒருத்தந்தான். அவன் ஏழு வருசத்துக்கு முன்னாடியே வேற ஒரு பிள்ளையோட திருப்பூர் போயிட்டான். அங்கயிருந்தே இவளுக்கு வக்கீல் நோட்டீசு அனுப்பி, விவாகரத்தும் வாங்கிட்டான்."

அந்தப் பதினோரு நாளுக்கான காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாண்டிமீனாவைப் பார்த்தேன். அவள் முகம் சிவந்துபோய், "வண்டிய எடுக்குறேன், அத்த" என்று சொல்லிவிட்டு வெளியே நழுவிவிட்டாள்.

அழைப்பிதழைப் பிரித்தேன்.

'எனது மகள் செல்வி பாண்டிமீனாவுக்கும், வாடிப்பட்டி மருந்துக்கடை உரிமையாளர் செல்வன் தமிழ்மாறனுக்கும்' என்று இருந்தது. கீழே, தங்கள் வருகையை அன்புடன் எதிர்நோக்கும் என்ற வரிக்கு அடியில் ஒரே ஒரு பெயர். சோலையம்மாள்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டாயம் வந்துருங்கம்மா. மாப்பிள்ள வீட்டுல ரெண்டு பஸ்ஸு நெறைய வாராக. நாங்க பொண்ணு வீடு, எங்க பக்கம் ஆளு கொறஞ்சிறக் கூடாது."