பதினொன்றும் பன்னிரண்டும்

முகம் நிறைய நுரையோடு சலூன் நாற்காலியில் அண்ணாந்து கிடக்கிறேன். கழுத்தில் கத்தி, வாயைத் திறக்க வழியில்லை. கண்ணாடியில், செய்தித்தாளிலிருந்து வெட்டிய புள்ளிப் பட்டியல் ஈரத்தில் சுருண்டு தொங்குகிறது. பன்னிரண்டு கால்பந்து அணிகள், பாதி சீசன் முடிந்துவிட்டது. சலூன்காரனின் அணி பதினொன்றாவது. பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருக்கும் அவன் மச்சான் எலக்ட்ரீஷியன். அவனுடைய அணி கடைசி. “உங்க கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கிறானா, வழியனுப்பி வைக்கிறானா?” என்கிறான் மச்சான். “ஒரு புள்ளி மேல இருக்கோம்டா, அண்ணாந்து பாத்துப் பேசு!” கத்தி காற்றில் சுழல்கிறது, நுரை தெறித்து என் காதில் விழுகிறது. பன்னிரண்டாவது என்று ஒன்று இருப்பதால் பதினொன்றாவதற்கு வந்த திமிர். “என் டீமுக்காக உசுரையே கொடுப்பேன்” என்கிறான் ஒருவன். “நான் மட்டும் என்னவாம்?” என்கிறான் மற்றவன். துண்டு என் முகத்தைத் துடைத்துவிட்டு விலகுகிறது. அடுத்த தெரு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் நான். “நேத்து உங்க ரெண்டு டீமும்தானே அங்க மோதுச்சு? பார்க்க வந்தது மொத்தமே ஒன்பது பேரு. உங்க ரெண்டு பேரையும் காணோமே?” என்கிறேன். கழுவப் போன கத்தி நிற்கிறது, மச்சானின் காலும் நிற்கிறது. “வெயில் ஜாஸ்திண்ணே” என்கிறார்கள், முதல் தடவையாக ஒரே குரலில்.