வணக்கம் இல்லாத கடிதம்

கடிதம் திரும்பி வந்துவிட்டது.

ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி. 'மரபுப்படி இல்லை. ஏற்பதற்கில்லை.'

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வெளியுறவு அமைச்சகத்தில் இருபது வருடமாகப் பக்கத்து நாட்டுக்குக் கடிதம் எழுதுகிறவர் அவர். எந்தக் கடிதமும் வணக்கத்தில்தான் தொடங்கும். போரே நடந்தாலும் முதலில் வணக்கம், அப்புறம்தான் வசவு.

இந்தத் தடவை மேலதிகாரி வணக்கத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். நாடு இப்போது கோபமாக இருக்கிறதாம். அதுதான் கொள்கையாம்.

கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது!

கடிதம் கேட்டது ஒரு மீனவரின் உடலை.

எல்லை தாண்டிப் பிடிபட்ட ரெமிஜியுஸ் அங்கே சிறையில் மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தெட்டு நாளாகப் பிணவறையில் கிடக்கிறார். நாற்பது நாளுக்குள் யாரும் கேட்காவிட்டால் அங்கேயே புதைத்துவிடுவார்கள்.

இன்னும் இரண்டே நாள்.

வணக்கம் சேர்த்துப் புதிதாக எழுதி, மேலதிகாரியின் அறைக்கு ஓடினார். மேலதிகாரி கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து நாடு கடிதத்தைத் திருப்பி அனுப்பியதைக் கண்டித்து முதலில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார்.

அதுவும் வணக்கம் இல்லாமல்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் காலையில் 'கா' விட்டால் மத்தியானத்துக்குள் 'பழம்' விட்டுவிடும். இவர்களுக்கு என்ன வந்தது? அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இருக்கைக்குத் திரும்பினார்.

தொலைபேசி அடித்தது.

தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா. ரெமிஜியுஸின் மனைவி. அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் தினமும் அவரையே கூப்பிடுவாள். 'நடவடிக்கையில் இருக்கிறது' என்று தினமும் சொல்வார்.

இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் அழுவாள் என்று நினைத்தார். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும்.

"ஒரு வணக்கம்தான சார்? அத நான் சொல்லுதேன். நானே கேக்கேன். அவிய மொகத்த ஒருக்கா பாத்துட்டு அடக்கம் பண்ணணும். அந்தாளு நம்பரக் குடுங்க."

திரும்பி வந்த கடிதத்தின் அடியில், அதைத் திருப்பி அனுப்பிய பக்கத்து நாட்டு அதிகாரியின் எண் இருந்தது. அதை வெளியாளுக்குக் கொடுத்தால் வேலை போய்விடும். வழக்கும் வரும்.

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்து, பக்கத்தில் பேனா இருக்கிறதா என்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.